கடைசியாக மாறிய தேதி

செங்கோட்டுவேல் காலையில் எழுந்ததும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைத் தேடினார். பெண் பார்க்கப் போகவேண்டுமாம். பெண்ணோ அடுப்படியில் இட்லித்தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். பெயர் கோகிலவாணி, வயது ஐம்பத்தாறு, அவருக்கு வாழ்க்கைப்பட்டு முப்பது வருஷம் ஆகப்போகிறது.

“ஏனுங்க, காலங்காத்தால எங்க கெளம்பிட்டீங்க?”

அவர் அடுப்படி வாசலில் நின்று அவளைப் பார்த்தார். காதெல்லாம் சிவந்துபோயிற்று.

“உங்களப் பாக்கத்தானுங்க வந்தேன். பெரியவங்க பின்னால வர்றாங்க. நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டனுங்க.”

வாணியின் கரண்டி மாவுக்குள் முழுகியே போனது. நாலு வருஷமாக இந்த மனிதர் அவளை வங்கி மேலாளரைப் பார்ப்பதுபோல மரியாதையாகத்தான் பார்த்துவந்தார். பெயர் தெரியும், மனைவி என்று தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

அதற்குக் காரணம் துழாவி என்ற கருவி. மறதிநோய் வந்தவர்களுக்குக் காதுக்குப் பின்னால் அரிசிமணி அளவில் அதைப் பதித்துவிடுகிறார்கள். ஒவ்வொருவர் வாழ்க்கையும் பக்கம் பக்கமாக ஒரு நினைவுத் தளத்தில் இருக்கிறது. துழாவி தினமும் விடியுமுன் அதற்குள் புகுந்து, வேண்டியதை எடுத்துவந்து நெஞ்சில் ஊட்டிவிடும். ஆனால் ஓர் ஆயுளை ஒரு விடியலில் படித்துமுடிக்க எந்த இயந்திரத்தாலும் ஆகாது. எங்கே போகவேண்டும் என்று சொல்ல ஒரு வரைபடம் வேண்டும். அந்தக் காலத்தில் தேடுபொறிகளுக்காக வலைத்தளக்காரர்கள் வைத்திருந்த அதே எக்ஸ்எம்எல் வரைபடம்தான்; மருத்துவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் முகவரி, கடைசியாக மாறிய தேதி, முக்கியத்துவம் என்று மூன்று வரிகள். தேதி புதிதாக இருந்தால் துழாவி அந்தப் பக்கத்தை முழுக்கப் படிக்கும். பழசாக இருந்தால் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். மருத்துவர்கள் முக்கியத்துவத்தை உச்சத்தில் வைத்த ஓரிரு பக்கங்களை மட்டும் தேதி பாராமல் படிக்கும். செங்கோட்டுவேலுக்குத் தினமும் கிடைத்துவந்தது ‘வாணி, மனைவி’ என்ற தலைப்பு மட்டுமே.

வரைபடத்தை யாரும் கையால் எழுதுவதில்லை. ‘தடம்’ என்ற நிரல் நூலகத்திடம், அதாவது யாரோ முன்பே எழுதிவைத்த நிரல்தொகுப்பிடம், பக்கங்களைக் கொடுத்தால் அது செய்து தந்துவிடும். வாணிக்கு நிரல் எழுதுவதே பிழைப்பு என்பதால் கணவருடைய வரைபடத்தை வேறு யாரிடமும் விட்டதில்லை. முந்தின நாள் தடத்தின் புதிய பதிப்பு, தேதி இல்லாத பழைய பக்கங்களை ஏற்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவள் எரிச்சலில், தேதி கேட்கும் இடத்தில் ‘வரைபடம் செய்யும் நேரம்’ என்று ஒரே வரியாகப் போட்டு வாயை அடைத்துவிட்டாள். தொழில் தெரிந்தவர்களுக்கு மட்டுமே வரும் சோம்பேறித்தனம் அது. தேதி இருந்த பக்கங்களுக்கும் சேர்த்தே அந்த வரி முத்திரை குத்திவிட்டது. அதனால் வரைபடத்தின் கணக்கில் செங்கோட்டுவேலின் வாழ்க்கை மொத்தமும் இன்றைக்குத்தான் நடந்திருந்தது; துழாவி கைக்கு அகப்பட்ட பக்கங்களை அள்ளிக்கொண்டு வந்திருந்தது.

இட்லி சாப்பிடும்வரை அவர் மாப்பிள்ளையாக இருந்தார். கை கழுவியதும், என்றைக்கோ நடந்த தன் தங்கச்சி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அவள் வராமல்போன கோபம் ஏறி, பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். மத்தியானம் அவள் மடியில் தலையை வைத்து அழுதார்.

“அம்மா போயிட்டாங்க வாணி. எங்கையப் புடிச்சுட்டே போயிட்டாங்க.”

அந்தச் சாவு நடந்து பல வருஷம் ஆகிறது. அன்றைக்குச் சொந்தபந்தங்களுக்கு முன்னால் ஒரு சொட்டு விடாதவர் இப்போது தேம்பித் தேம்பி அழுதார். இந்த ஆளை நாளைக்கும் இப்படி அழவைக்க அவளால் முடியாது. சாயங்காலமே எல்லாப் பக்கங்களின் பதிவேட்டையும் தோண்டி உண்மையான தேதிகளைப் போட்டாள்.

ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள். பெண் பார்த்த நாளின் பக்கத்துக்குத் தினமும் அன்றைய தேதி விழட்டும் என்று எழுதினாள். ஒரு சின்னப் பொய், யார் குடியும் கெட்டுவிடாது என்று நினைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. காலையானால் வெள்ளைச் சட்டை, சிவந்த காது, “நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டனுங்க.” வாணியும் எழுந்ததும் தலைசீவி நல்ல புடவை கட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். கண்ணாடி முன்னால் நின்று, கிழவிக்கு வந்த கேட்டைப் பார் என்று தன்னைத்தானே திட்டியும்கொண்டாள். சந்தோஷமாக இருந்தாள் என்பதுதான் உண்மை.

பிறகு துழாவியிடமிருந்து அறிவிப்பு வந்தது. ‘இந்தப் பக்கம் மாறியதாக வரைபடம் தினமும் சொல்கிறது. உள்ளே ஓர் எழுத்தும் மாறவில்லை. பொய் தொடர்ந்தால் இந்த வரைபடத்தின் எந்தத் தேதியும் நம்பப்படாது.’

எந்தத் தேதியும் என்றால், போன வாரம் மருத்துவர் மாற்றிக்கொடுத்த இதய மாத்திரையின் பக்கமும்தான். துழாவி அதை நம்பாவிட்டால் அவர் பழைய மாத்திரையையே தேடி எடுத்து விழுங்குவார். “புளுகுன்னா ஒனக்கு மட்டும் மூக்குல வேர்த்துருமாக்கும்” என்று வாணி திரையைப் பார்த்துக் கடிந்துகொண்டாள். ஆனால் அந்த வரியை நீக்கிவிட்டாள். மறுநாள் காலை செங்கோட்டுவேல் சாதாரணச் சட்டையில் வந்து, “காப்பி ஆயிருச்சுங்களா?” என்றார். காது சிவக்கவில்லை. அவள் திரும்பி நின்று அழுதாள்.

தன் பக்கத்துக்குப் பழைய தேதியே விழுவது ஒருவேளை நூலகத்தின் தப்பாக இருக்கலாமே என்று வாணிக்கு ஒரு நப்பாசை. நிரல்காரர்களுக்குக் கடைசிவரை அந்த ஆசை போகாது. ஐம்பது வயதைத் தாண்டிய எல்லாரையும்போல அவளுக்கும் ஒரு நினைவுத் தளம் இருந்தது. தினமும் அவள் பேசுவதும் செய்வதும் அதில் தானாகவே ஏறிக்கொண்டிருக்கும். தடத்தை அதன்மேல் ஓட்டிப் பார்த்தாள். வரைபடம் பிழையில்லாமல் வந்தது. மருந்து, நேற்று மாறியது. குளியலறைக் கைப்பிடி, முந்தாநாள். மருத்துவமனை, போன வாரம். ‘செங்கோட்டுவேல், கணவர்’ என்ற பக்கத்துக்கு நேராக, கடைசியாக மாறிய தேதி நாலு வருஷத்துக்கு முந்தையது. மருத்துவர் நோயின் பெயரைச் சொன்ன நாள்.

வாணி பக்கத்தைத் திறந்தாள். பிழையில்லை. அந்த நாளுக்குப் பிறகு அவரைப் பற்றிப் புதிதாக ஒன்றும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் வெட்கப்பட்டதும் அழுததும்கூடத் துழாவி திரும்பக் காட்டிய பழைய பக்கங்கள்தான். அவருடைய மாத்திரையைத் தெரியும், ரத்த அழுத்தத்தைத் தெரியும். நோய் இல்லாத அவளும் அவருடைய தலைப்பை மட்டும்தான் இத்தனை நாளாகப் படித்துவந்திருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. தாங்கமுடியாத அளவுக்குப் பாவமாகவும் இருந்தது, அவர்மேலா தன்மேலா என்று தெரியவில்லை.

மறுநாள் காப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல், எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“கேளுங்க.”

“என்னையப் புடிச்சிருக்குதுங்களா?”

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். “திடீர்னு கேட்டா எப்படீங்க சொல்றது? ஒரு நாளாச்சும் பழகிப் பாக்கோணுமில்லீங்களா?”

“சரி, பாருங்க” என்று மொச்சைக்காய் முறத்தை நடுவில் வைத்தாள்.

இருவரும் உரித்தார்கள். அவர் உரிக்கும்போது மெல்லச் சீழ்க்கை அடித்தார். முப்பது வருஷத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. புழு இருந்த காய்களைத் தனியாக எடுத்துவைத்து, “இதுக்கும் குடியிருக்க எடம் வேணுமில்லீங்க” என்று செடியடியில் போட்டுவிட்டு வந்தார். பூச்சிமருந்துக் கடையில் வேலை பார்த்த மனிதர்! வாணிக்குச் சிரிப்புத் தாளவில்லை. அவள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். அவர் சிரித்தால் இடது கண் மட்டும் முதலில் மூடுகிறது. இது எப்போதிலிருந்து என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் தடத்தை ஓட்டினாள். அவருடைய வரைபடத்தில் அவள் பக்கத்துக்கும், அவளுடையதில் அவர் பக்கத்துக்கும் இன்றைய தேதி தானாகவே விழுந்திருந்தது. துழாவி ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

“ஏனுங்க” என்று குரல் கொடுத்தாள், “பழகிப் பாத்தாச்சுல்ல? புடிச்சிருக்குதுங்களா, இல்லீங்களா?”

தனக்கு என்ன நோய் என்பது செங்கோட்டுவேலுக்கு எந்நாளும் தெரியும். அந்தப் பக்கத்துக்கு முக்கியத்துவம் எப்போதும் உச்சத்தில்தான்.

“யோசிச்சு வெச்சிருக்கறனுங்க” என்றார். “ஆனா இன்னிக்கே சொல்லிப்போட்டா, நாளைக்கு நீங்க வந்து கேக்கமாட்டீங்களே.”