ஆறாவது குழாயின் சூடு

முப்பத்தொரு டிகிரியில் தரைக்கடியில் போன தண்ணீர் முப்பத்தேழில் திரும்பி வந்துகொண்டிருந்தது.

எஸ்கில் குழாய்ப் பெட்டியின் முன் குந்தியிருந்தான். மதியம் மூன்று மணிதான். வடதுருவத்தை ஒட்டிய ஊர், டிசம்பர் என்பதால் வெளியே அதற்குள் கும்மிருட்டு. சுவருக்கு அப்பால், தண்ணீரைச் சூடாக்கி அனுப்பும் வெப்பப் பம்பு சன்னமாக உறுமிக்கொண்டிருந்தது, காயப்போட்ட கையுறைகளிலிருந்து ஈரக் கம்பளி நாற்றம் வந்தது. குளிருக்குத் தரையைச் சூடாக்க வெந்நீர் ஓடும் குழாய்கள், அறைக்கு ஒன்று. ஐந்து குழாய்களும் சூட்டைத் தரைக்குக் கொடுத்துவிட்டு ஆறித்தான் திரும்பின. ஆறாவது மட்டும் இப்படி. அது அவன் குழந்தை எப்பேயின் அறை. அக்டோபரில், குழந்தையின் அடக்கம் முடிந்த மறுநாளே அதன் வால்வை எஸ்கில் இறுக மூடியிருந்தான். இப்போது திறந்திருக்கிறது. மனைவி சிக்னேதான் திறந்திருப்பாள்.

பம்பு மாட்டிக்கொடுத்த ரூனாருக்குப் போன் போட்டான்.

"ஏன்டா, தரைக்குப் போற தண்ணி சூட்டைக் குடுத்துட்டு வருமா, வாங்கிட்டு வருமா?" ரூனார் சிரித்தான். "வெப்பமானி செத்திருக்கும். பம்பை அணைச்சுட்டுப் பாரு, தன்னால இறங்கிடும். சிக்னே எப்படி இருக்கா?"

"இருக்கா."

ரூனார் அதற்கு மேல் சிரிக்கவில்லை.

எஸ்கில் குழாயைத் தொட்டான். மானி சாகவில்லை. தூங்கும் குழந்தையின் கழுத்துச் சூடு. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

இந்த ஊரில் எல்லாக் குழந்தைகளுக்கும் பகல் தூக்கம் வெளியில்தான். கம்பளியில் சுற்றித் தள்ளுவண்டியோடு வராந்தாவில் விட்டால் பனிக்காற்றில் அயர்ந்து தூங்கும். அக்டோபரில் ஒரு நாள் சிக்னே போய்ப் பார்த்தபோது ஐந்து மாத எப்பே சில்லிட்டுக் கிடந்தான். அவனை அள்ளிவந்து தரையில் கிடத்தி, "சூட்டை ஏத்து எஸ்கில், ஏத்து!" என்று கத்தினாள். எஸ்கில் ஓடிப்போய் நாற்பத்தைந்துக்கு ஏற்றினான். கான்கிரீட் தரை சூடேற அரை நாளாவது ஆகும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும், ஆம்புலன்ஸ் வரும்வரை வெப்பமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றான். பாவம், வேறு என்ன செய்வான்.

பம்பை அணைத்தான். வீடே மூச்சை அடக்கியதுபோல் இருந்தது.

"எஸ்கில்." எப்பேயின் அறைக்குள்ளிருந்து சிக்னேயின் குரல். "அதைப் போடு. அவனுக்குக் குளிருது."

காலுறையோடு உள்ளே போனான். பம்பை அணைத்துச் சில நொடிகூட ஆகவில்லை, அதற்குள் தரை சில்லென்றிருந்தது. நடுவில் சிக்னே உள்ளங்கையைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள்.

"இங்க தொட்டுப் பாரு."

ஓரிடத்தில் மட்டும் சூடு. சின்ன வட்டம். குப்புறக் கிடக்கும் குழந்தையின் அளவு. அவன் விரல்களுக்குக் கீழே அது மெல்ல நகர்ந்தது.

"தவழக் கத்துக்கிட்டான் பாரு," என்றாள். முகமெல்லாம் கண்ணீர்.

எப்பே குப்புறக்கூட விழுந்ததில்லை.

சூடு குறைந்துகொண்டே வந்தது. சிக்னே அதன் மேல் கவிழ்ந்து படுத்து அணைத்துக்கொண்டாள். "போடு, எஸ்கில்! மறுபடியும் சாகடிக்காத!"

ஓடினான். விசையைத் தட்டினான். அணைத்த பம்பு உடனே கிளம்பாது. சில நிமிடம் காத்திருந்துதான் கிளம்பும். ஆறாவது குழாயின் முள் இறங்கியது. முப்பத்தைந்து. முப்பத்துமூன்று. முப்பது. அவன் அழுதான். முள்ளைப் பார்த்துக்கொண்டே அழுதான்.

முள் ஏறியது.

முப்பத்துமூன்று. முப்பத்தைந்து. முப்பத்தேழு.

பம்பு இன்னும் கிளம்பவில்லை.

"சிக்னே?"

திரும்பி ஓடினான்.

அறைக்குள் அவள் அப்படியே கவிழ்ந்து கிடந்தாள். கன்னத்தைத் தொட்டான். வராந்தாவின் இரும்புக் கம்பி போலக் குளிர்ந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. உதடு சிரித்தபடி நீலம் பாரித்திருந்தது.

அவள் மார்புக்கடியிலிருந்து அந்தச் சூடு வெளியே வந்தது. மெல்ல. தத்தித் தத்தி.

அவனை நோக்கி.

காலுறைக்குக் கீழே வந்து நின்றது. சின்னதாக இரண்டு உள்ளங்கைச் சூடு, அவன் பாதத்தை அடியிலிருந்து பற்றிக்கொண்டது.

எஸ்கில் காலை எடுக்கவில்லை.