அக்கரை வாக்காளர்கள்

வாக்குப்பதிவு நாள் என்றால் எனக்கு ஒலிபெருக்கி துடைக்கும் நாள். லுவாம்பா குடியரசின் அக்கரைச் சாவடியில் வரிசை கிடையாது, விரலில் மை கிடையாது. திரையில் ஒரு பெயர் வரும். அந்த ஆளின் குரலில் ஒலிபெருக்கி "ஆம்" என்றோ "இல்லை" என்றோ சொல்லும். சொந்தக்காரர்கள் வெளியே பெஞ்சுகளில் உட்கார்ந்து, வறுத்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டே கேட்பார்கள். "குரல் கேட்கலையே!" என்று யாராவது கத்தினால் ஓடிப்போய் வயரைச் சரிசெய்ய வேண்டும். அதற்காகத்தான் தூத்துக்குடியிலிருந்து இத்தனை தூரம் வந்து கிடக்கிறேன்.

அக்கரை என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம். பஞ்சத்தில் பாதி நாடு ஆற்றைக் கடந்து பிழைக்கப் போனபோது, அவர்களுக்கும் ஓட்டு உண்டு என்று அரசியல் சாசனத்தில் எழுதினார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் இந்த ஊரில் யாரையும் "செத்தார்" என்று சொல்லமாட்டார்கள். "ஆற்றைக் கடந்துவிட்டார்" என்பார்கள். வாக்காளர் கணக்கெடுத்த இயந்திரத்துக்கு இந்த நாசூக்கெல்லாம் தெரியுமா? சொன்னதை அப்படியே பதிந்துகொண்டது. செத்தவர்கள் அத்தனை பேரும் வெளிநாடு வாழ் குடிமக்கள் ஆனார்கள்.

விஷயம் புரிந்தபிறகும் அரசு திருத்தவில்லை. ஏன் திருத்துவார்கள், பைத்தியமா? பழைய ஃபோன் பேச்சுகளைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் ஒரு குரல்நிழல் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அது சாவடி ஒலிபெருக்கி வழியே குடும்பத்தோடு பேசும், தேர்தல் நாளில் அரசு நினைத்தபடி ஓட்டுப் போடும். யாரோ வழக்குப் போட்டார்கள். சொந்தக்காரர் சாவடிக்கு வந்து "செத்தார்" என்ற அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னால் பெயரை நீக்கலாம், குரலும் அத்தோடு அணைந்துவிடும் என்று தீர்ப்பு வந்தது. அரசு சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டது. யார் சொல்லப்போகிறார்கள் என்ற தைரியம்தான்.

அன்று ஒடெட் உள்ளே வந்தாள். மீன் விற்பவள். அவள் கணவன் பாஸ்காலை ஒரு ஊர்வலத்தில் ராணுவம் சுட்டது. அன்றைய வாக்கெடுப்பே, சுட்ட சிப்பாய்களுக்கு மன்னிப்புத் தரலாமா என்பதுதான்.

"அவன் பேரு வர்றதுக்கு முன்னால ஒரு தடவை பேச விடு, தங்கச்சி," என்றாள். இணைப்பைக் கொடுத்தேன்.

"பாஸ்கால், எதுக்கு ஓட்டுப் போடப் போற?"

"மன்னிப்புக்கு. நாடு அமைதியா இருக்கணும்ல, ஒடெட்."

"உன்னைச் சுட்டவங்களுக்கா?"

"என்னை யாரு சுட்டா? நல்லாத்தானே இருக்கேன்!" குரலில் அந்தப் பழைய கேலி. "சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா? அதைச் சொல்லு முதல்ல."

அது அவன் கடைசியாக ஃபோனில் கேட்டது. சின்னவன் இப்போது அம்மாவைவிட உயரம்.

ஒடெட் என் பக்கம் திரும்பினாள். "என் வாயில வரமாட்டேங்குது. உங்க பாஷையில சொன்னா செல்லுமா? என்ன சொல்வீங்க?"

என்னத்தைச் சொல்ல! எங்கள் ஊரிலும் "தவறிட்டார்", "காலமாயிட்டார்" என்றுதானே இழுப்போம். என் அம்மாவைப் பற்றி நானே "தவறிட்டாங்க" என்றுதான் எல்லாருக்கும் சொன்னேன். அந்த இயந்திரம் கேட்டிருந்தால், அம்மா ஏதோ தப்புப் பண்ணிவிட்டதாகப் பதிந்திருக்கும்.

"எங்களுக்கும் வராது, அக்கா," என்றேன்.

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு, தன் மொழியில், சத்தமாகச் சொன்னாள்: "பாஸ்கால் செத்துட்டான்."

வெளியே மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் இரைந்தது.

"ஐயோ," என்றது அவன் குரல். "எப்போ?"

ஒலிபெருக்கியின் விளக்கு அணைந்தது.

வெளியே இருந்தவர்களில் ஒருத்தர்கூட தங்கள் ஆளின் பெயரை நீக்க உள்ளே வரவில்லை. அந்த "எப்போ" அவர்களுக்கும் கேட்டுவிட்டதே! துணி உதறி எழுந்து வீட்டுக்குப் போனார்கள். சாயங்காலம் மன்னிப்பு நிறைவேறியது. பாஸ்காலின் ஓட்டு மட்டும் அதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒடெட் மறுபடி வந்து, பாஸ்காலோடு பேசும் இடத்தில் உட்கார்ந்தாள்.

"இணைப்பு இல்ல, அக்கா. இனிமே வராது," என்றேன்.

"தெரியும், தங்கச்சி," என்றாள். "எப்போன்னு கேட்டான். பதில் சொல்லாமலே போயிட்டேன்."

செத்துப்போன ஒலிபெருக்கியருகே வாயை வைத்து, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.