தேரியில் இரண்டு நீலப் புள்ளிகள்

மணி பன்னிரண்டாகியும் சுனைத் தண்ணீர் சாஸ்தா கோயிலுக்கு வந்து சேரவில்லை. பங்குனி உத்திரத்தன்று அந்தத் தண்ணீரில் சாஸ்தாவைக் குளிப்பாட்டிய பிறகுதான் பொங்கல் படைக்கலாம் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். குடத்தோடு தேரி மணல்காட்டுக்குள் போன பொன்னுச்சாமிக்கு அறுபத்தெட்டு வயது. காலை ஒன்பது மணிக்குப் போனவர்.

அவருடைய பையைத் துழாவிய மகள் பேச்சித்தாய் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள்.

"சர்க்கரைக்கு ஊசியப் போட்டிருக்காவ. இட்லிப் பொட்டலம் பிரிக்காம கெடக்கு. விரதம்னு சாப்பிடாமலே போயிருக்காவ."

"அதுக்கென்ன?" என்றான் அவள் கணவன் தவசிக்கனி.

"ஊசி போட்டுட்டு வெறும் வயித்தோட வெயில்ல நடந்தா சர்க்கரை எறங்கிரும். மயங்கி விழுந்தா எந்திரிக்க மாட்டாவ. இன்னும் ஒரு மணி நேரம்தான் தாங்கும்."

அவள் அண்ணன் இசக்கிராஜ் போனை எடுத்தான். சென்னையில் ஒன்பது வருஷமாக வாடகைக் கார் ஓட்டுகிறவன். போன் 'இடப்பக்கம் திரும்பு' என்றால் திரும்புவான். அது சொல்லாவிட்டால் தன் தெருவுக்குள்கூடத் திரும்ப மாட்டான். நேற்றுத்தான் அப்பாவுக்குப் புதுப் போன் வாங்கித் தந்து, சுனை இருக்கும் இடத்தைக் குறித்துக் கொடுத்திருந்தான். ஒருவர் இருக்குமிடம் மற்றவருக்குத் தெரியும்படி இரண்டு போனிலும் ஏற்பாடு செய்திருந்தான்.

"இந்தா இருக்காவ," என்று திரையைக் காட்டினான். ஒரு நீலப் புள்ளி. "ஒண்ணேகால் கிலோமீட்டர். பதினெட்டு நிமிஷம்."

அவன் குரலில் பதற்றமே இல்லை. பெத்த அப்பனைக் காணவில்லை என்பது அவனுக்கும் புரிந்தது. புரிந்ததோடு சரி, உள்ளே எதுவும் அசையவில்லை. போன வருஷம் தை மாதம் அம்மா இறந்ததிலிருந்தே அப்படித்தான். செய்தி வந்ததும் சென்னையிலிருந்து காரை எடுத்தான். போன் பதினோரு மணி நேரம் என்றது, பதினோரு மணி நேரத்தில் வந்தான். எல்லாம் முடித்துவிட்டுச் சுடுகாட்டிலிருந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டு வாசலில் வண்டி நின்றபோது, 'நீங்கள் சேர வேண்டிய இடத்தை அடைந்துவிட்டீர்கள்' என்றது அந்தப் பெண்குரல். அன்றைக்கு மரத்துப்போனவன். தீட்டு என்று போன வருஷம் சாஸ்தா கோயிலுக்கு யாரும் வரவில்லை. அம்மா இல்லாமல் அவர்கள் கோயிலுக்கு வந்த முதல் உத்திரம் இது.

மூவரும் புறப்பட்டார்கள். பேச்சி இன்னும் படைக்காத சர்க்கரைப் பொங்கலை ஒரு தூக்குவாளியில் அள்ளிக்கொண்டாள். தவசிக்கு அது பிடிக்கவில்லை.

"சாமிக்குக் காட்டாம எடுக்கியே."

"சாமிக்குச் சர்க்கரை எறங்காது. நடங்க."

தேரிக்காடு பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். எங்கே திரும்பினாலும் செக்கச்சிவந்த மணல்மேடு, அதன் மேல் ஒரு பனை, கீழே முள் அடர்ந்த உடைமரம். ஏறி இறங்கினால் அதே மேடு, அதே பனை. ஒவ்வொரு ஆடிக்காற்றுக்கும் மணல் இடம் மாறும். அதனால் போன வருஷத்துப் பாதை இந்த வருஷம் இருக்காது. உச்சிவெயில் தலைக்கு நேர் மேலே நின்றது. பங்குனியில் நிழல் காலடிக்குள் சுருண்டுகொள்ளும், அதை வைத்துத் திசை பார்க்கவும் வழியில்லை.

இசக்கி முன்னால் நடந்தான். பார்வை திரையை விட்டு அகலவில்லை. முள்ளுக்குள் கால் வைத்தபோதுகூட அவன் குனியவில்லை.

"நானூறு மீட்டர்," என்றான். மேட்டைத் தாண்டினார்கள். யாருமில்லை. "இப்ப வலப்பக்கம் தள்ளிப் போயிட்டாவ. ஆறு நிமிஷம்." அங்கேயும் யாருமில்லை. இருக்கிற ஒரு கோடு சிக்னலில் பேச முடியவில்லை, புள்ளி மட்டும் நினைத்துக்கொண்டால் நகர்ந்தது. மூன்று பேரும் கத்திப் பார்த்தார்கள். மணல் சத்தத்தைக் குடித்துவிட்டது. முக்கால் மணி நேரம் இப்படிப் போனது.

"மச்சான், கொஞ்சம் நில்லுங்க," என்றான் தவசி. மணலில் ஒரு தடம் கிடந்தது. அவனுடைய அறுந்த செருப்பு இழுத்த கோடு. "நாம இங்கன ஏற்கனவே வந்திருக்கோம்."

பேச்சி குனிந்து பார்த்தாள். செருப்புத் தடத்தின் மேலேயே ஒரு வெறுங்கால் பதிந்திருந்தது. பெருவிரல் வெளியே விலகிய கால்.

"அப்பா காலுல்லா இது. நம்ம தடத்துக்கு மேல இருக்கு. நாம போனதுக்குப் பெறவு வந்திருக்காவ." அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, அப்பா போன்ல யாரு தெரிவா?"

"நான் தெரிவேன்."

"அப்பம் அவ்வோ உன்னத் தேடி வாராவ. நீ அப்பாவத் தேடிப் போற. புள்ளி லேட்டா வேற வருது. நாம போறதுக்குள்ள அவ்வோ நாம இருந்த எடத்துக்குப் போயிருதாவ. பானையச் சுத்துற பூனை மாதிரி சுத்துதோம்."

இசக்கி திரையைப் பார்த்தான். "நாலு நிமிஷம்தான் காட்டுது பேச்சி. அந்த மேட்டுக்கு அங்கிட்டு."

"அரை மணி நேரமா நாலு நிமிஷந்தான் காட்டுது. நீ நின்னாத்தான் அவ்வோ வந்து சேர முடியும். நில்லேன்."

நிற்பதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. போனில் வழி சொல்லும் அந்தக் குரல் 'நில்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். மூவரும் பக்கத்திலிருந்த உயரமான மேட்டில் ஏறினார்கள். இசக்கி தூக்குவாளியை வாங்கி, கார் சாவியால் அதன் விளிம்பில் அடித்தான். ணங், ணங் என்று எவர்சில்வர் சத்தம் மணலுக்கு மேலே போனது. விடாமல் அடித்தான். தவசி தோள்துண்டை வீசிக் காட்டினான்.

பத்து நிமிஷம் ஆயிற்று. பேச்சி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கீழே உடைமரத்துக்குப் பின்னாலிருந்து பொன்னுச்சாமி வந்தார். தள்ளாடித் தள்ளாடி வந்தார். இடுப்பில் குடம், கையில் போன். வேட்டியெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது. மேடு ஏற முடியாமல் முட்டி மடங்கி விழப்போனவரை இசக்கி சரிந்து இறங்கிப் பிடித்தான்.

"யாரு நீ?" என்றார் மகனைப் பார்த்து.

பேச்சி பொங்கலை உருட்டி வாயருகே கொண்டுபோனாள். அவர் முகத்தைத் திருப்பினார். "படைக்கல. திங்கக் கூடாது."

"உங்கள எழவு கொடுத்துட்டு யாருக்குப் படைக்க? வாயத் தெறங்கப்பா."

நான்கு உருண்டை இறங்கியது. கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. பாதி சிந்திப்போன குடத்தை முதலில் பார்த்தார், பிறகு மகனை.

"லேய் இசக்கி. சுனையக் கண்டுபிடிக்கவே உச்சியாயிட்டு. பெறவு உன் புள்ளிக்குப் பின்னாலதான் வாறேன். நீ நிக்கவே மாட்டேங்கிற."

"முப்பது வருசமா வாற சுனைதான? வழி தெரியாதாப்பா?"

பொன்னுச்சாமி மணலைக் கிள்ளிக் கீழே விட்டார். "உங்கம்மை முன்னால போவா. நான் கொடத்தத் தூக்கிட்டுப் பின்னால போவேன். வழிய நான் எங்க பாத்தேன்?"

இசக்கிக்குப் பதினாலு மாதமாக வராத அழுகை, இந்தப் பாழும் மணலில் வந்து தொலைந்தது. வாய்விட்டு அழுதான். அப்பா அவன் முதுகில் கையை வைத்தார்.

போக வேண்டுமே. ஒரு போன் செத்துவிட்டது, மற்றது சிக்னல் இல்லாமல் சக்கரம் சுற்றியது. கோயில் கடல் பக்கம் இருக்கிறது, அதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். கடல் எந்தப் பக்கம்?

ஈரக் கன்னத்தில் ஒருபுறம் மட்டும் ஜில்லென்றது. இசக்கி தலையை மெல்லத் திருப்பினான். நேராகப் பார்த்தபோது இரண்டு கன்னமும் ஒன்றுபோலக் குளிர்ந்தன.

"கடல்காத்து ஏறிட்டு," என்றான். "இப்படித்தான் போவணும்."

"நெசமாவா மச்சான்? எவ்வளவு நேரமாவும்?" என்றான் தவசி.

"தெரியாது," என்றான் இசக்கி. ஒன்பது வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அவன் சொன்ன முதல் உண்மையான பதில் அது.

குடத்தை அவன் இடுப்பில் வைத்துக்கொண்டான். காற்றை முகத்தில் வாங்கியபடி முன்னால் நடந்தான். இரண்டு முறை தவறி, உடைமுள்ளில் சட்டை கிழிந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தபின் கோயில் மணியும் உறவுக்காரர்களின் கூச்சலும் கேட்டன. அரைக்குடத் தண்ணீர் சாஸ்தாவுக்குப் போதுமானதாக இருந்தது. பொங்கலில் குறைந்த நான்கு உருண்டையைப் பற்றித் தவசி மூச்சுவிடவில்லை.

மறுநாள் சென்னைக்குக் கிளம்பும்போதும் இசக்கி போனைக் கார் முகப்பில் பொருத்தத்தான் செய்தான். பிழைப்பு ஆயிற்றே. ஆனால் அடுத்த உத்திரத்துக்குச் சுனைக்கு யார் முன்னால் போவது என்று அப்பா கேட்டபோது, "நான் போறேன்பா. நீங்க என் பக்கத்துலயே வாங்க, வழியப் பாத்துட்டே," என்றான்.