செடிச்சுவரின் மறுபக்கம்

மாநகரப் பெருமக்களுக்கு மகிழ்ச்சியுடன் அறிவிப்பது யாதெனில்: இன்று காலை ஏழு மணிக்கு, மாண்புமிகு மேயர் அவர்களின் பொற்கரங்களால், கண்டத்திலேயே பெரிய செடிப்புதிர் நம் பூங்காவில் திறந்துவைக்கப்படும். உள்ளே போனவர் வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி அலையலாம். மாநகராட்சி அலுவலகத்தில் இதுவரை கிடைத்துவந்த அதே அனுபவம், இனிமேல் பச்சைப்பசேலென்று.

விடிந்தும் விடியாத பனியில் தோட்டக்காரர் செடிவெட்டும் மெஷினால் கடைசிச் சுவரை வெட்டிக்கொண்டிருந்தார். ஆளுயரம் தாண்டிய செடிச்சுவர். மறுபக்கத்தில் அவருடைய தங்கை புருஷன், செடிக்குள் தலையை விட்டுக் காய்ந்த கிளைகளை ஒடித்துக்கொண்டிருந்தான். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனால் "வெட்டவா?" என்று கேட்டு, "வெட்டு" என்று பதில் வந்தால்தான் மெஷினை உள்ளே விடுவார்கள்.

மாப்பிள்ளைக்கு இந்தச் சுவரே பிடிக்கவில்லை. வெட்டின இடத்தில் இலை வாசம் இல்லை, கசாப்புக்கடை வாடை அடிக்கிறது என்று காலையிலேயே சொல்லியிருந்தான். நேற்று அவன் வாய் திறக்குமுன் யாரோ பதில் சொன்னார்களாம். பிள்ளை பிறக்கப்போகிற நேரத்தில் பேய் பிடித்துவிட்டதா என்று தோட்டக்காரர் கிண்டலடித்தார்.

"உங்க தங்கச்சி குறட்டைக்கே அசராதவன் மச்சான் நான்" என்றவன், குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எதுக்கும், நான் மச்சான்னு சேர்த்துச் சொன்னா மட்டும் வெட்டுங்க."

மேற்பார்வையாளர் வந்து, மேயர் கிளம்பிவிட்டார் என்று கத்திவிட்டுப் போனார்.

"வெட்டவா?"

"வெட்டு."

தோட்டக்காரரின் விரல் விசையிலேயே நின்றது. இலைகள் அசையவில்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும், மிக அருகில்.

"மாப்ளே?"

அவர் காதைச் சுவரோடு வைத்தார்.

பிறகு, அதே குரல். அதே இழுப்பு.

"வெட்டு, மச்சான்."

நிம்மதியோடு மெஷினைச் செருகினார்.

பற்கள் எதிலோ சிக்கித் திணறின. கிளை இப்படித் திணறாது. கிளை இப்படி அலறவும் அலறாது.

முகத்தில் சூடாகத் தெறித்தது.

மெஷினைப் பிடுங்கியெறிந்துவிட்டு, தோலைக் கிழித்த முட்களுக்குள் பாய்ந்து மறுபக்கம் விழுந்தார். மாப்பிள்ளை மல்லாந்து கிடந்தான். கழுத்து பாதிக்கு மேல் அறுந்திருந்தது. தங்கையின் பெயரைச் சொல்லவோ என்னவோ, உதடு இரண்டு முறை அசைந்து நின்றது. பேசக் குரல்வளை இல்லை.

தோட்டக்காரர் அந்தத் தலையை மடியில் அள்ளிக்கொண்டார்.

முதுகுக்குப் பின்னால், இலைகளுக்குள்ளிருந்து, மாப்பிள்ளையின் குரல் பொறுமையாகச் சொன்னது.

"இன்னும் கொஞ்சம் வெட்டு, மச்சான்."

திறப்பு விழா அரை மணி நேரம் தள்ளிப்போனது.