மணியம்மாவின் ரத்தத்தில் புகை!

இந்தக் காலத்து ஆட்களுக்குப் போனில் பேசவே தெரியாது.

'சாப்பிட்டாச்சா?' கிடையாது. 'அங்கே மழையா?' கிடையாது. எடுத்த எடுப்பில் தலையில் கல்லைப் போடுவார்கள்!

அமிர்தலிங்கத்தின் தலையிலும் அன்று காலை அப்படித்தான் விழுந்தது.

"மணியம்மா வீட்டுக்காரரா? கோலாலம்பூர் ஆஸ்பத்திரி நர்ஸ் சுபத்ரா பேசறேன். அவங்க ரத்தத்துல நிக்கோட்டின் இருக்குங்க ஐயா!"

"அது என்ன எழவு?"

"சிகரெட்டுல இருக்கிற விஷம்! அது இருந்தா வேற நுரையீரல் வைக்க மாட்டாங்க. லிஸ்ட்ல பேரை நிறுத்தி வெச்சாச்சு."

அமிர்தலிங்கம் திரும்பிப் பார்த்தார்.

தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டின் மூலையில் மணியம்மா. ஐம்பத்தைந்து வயது. கல்லாய் இறுகிப்போன நுரையீரல். மூக்கில் குழாய். பக்கத்தில் ஓயாமல் இரையும் ஆக்சிஜன் மெஷின். புது நுரையீரல் கிடைக்காவிட்டால் அடுத்த தீபாவளியை அவள் பார்க்க மாட்டாள்!

"யம்மா... அவ பொறந்ததுலேருந்து சிகரெட்டைத் தொட்டதில்ல!"

"பக்கத்துல எவனாச்சும் ஊதினா இவ்வளவு ஏறாதுங்க. உள்ள போயிருக்கு! பத்து நாள்ல மறுபடி ரத்தம் எடுப்போம். அப்பவும் இருந்தா... பேரை அடிச்சிடுவாங்க!"

போன் அடங்கியது.

உள்ளே போயிருக்கு... உள்ளே...

தானாகவா போகும்? எவனோ கொடுக்கிறான்!

கொலை!

ஒரு மணி நேரத்தில் அமிர்தலிங்கம் தானா ராத்தா போலீஸ் ஸ்டேஷனில் நின்றார்.

"சந்தேகம் யார் மேல, அங்கிள்?" கார்ப்பரல் குகன் கேட்டான்.

"காளிமுத்து! பக்கத்து வீடு. கியா பார்ம்ல முட்டைக்கோஸ் லோரி ஓட்டறான். வாயில எந்நேரமும் சிகரெட்டு. வாரத்துக்கு ரெண்டு தடவை எங்க வீட்டுக்குக் கீரை கொண்டாறான்!"

"கீரை குடுத்தா நல்லவர்தானே லா?"

"சும்மா எவன்யா கீரை குடுப்பான்? அதுலதான் கலந்திருக்கான்! என் முள்ளங்கிப் பாத்தி மேல அவனுக்கு இருபது வருசமா கண்ணு!"

குகன் பல வழக்குகளைப் பார்த்தவன். முள்ளங்கிக்காகக் கொலை என்பது இதுதான் முதல் தடவை. இருந்தாலும் உயிர் விஷயமாயிற்றே! அமிர்தலிங்கத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

காளிமுத்து லயன் வாசலிலேயே மாட்டினான்.

"அண்ணிக்கு நான் விஷம் வைப்பேனா? அந்தக் கீரைய நீங்களும்தானே தின்னீங்க, அண்ணே!"

"பாத்தியா தம்பி! என்னையும் சேத்துல்ல தீக்கப் பாத்திருக்கான்!"

குகன் அமிர்தலிங்கம் வீட்டு அடுப்படியைக் குடைந்தான். கீரையை முகர்ந்தான். ஒன்றுமில்லை. பின்கதவைத் திறந்தான்...

"ரத்தம்!"

கத்தியே விட்டான்.

வாய்க்கால் ஓரத்துச் சிமெண்டுச் சுவரில் சிவப்பு... திட்டுத் திட்டாய்... இன்னும் ஈரமாய்!

"அங்கிள்! யாரோட ரத்தம் இது?"

அமிர்தலிங்கம் எட்டிப் பார்த்தார். "அதுவா... மணியம்மா துப்பினது."

"ரத்தம் துப்பறாங்களா?!"

"வெத்தலை லா! போலீஸ் வேலைக்குக் கண்ணு டெஸ்ட் வைக்கறதில்லையா?"

குகன் நகரவில்லை. "வெத்தலைகூட என்னென்ன போடறாங்க?"

"பாக்கு... சுண்ணாம்பு... கொஞ்சம் புகையிலை. அவளுக்குத்தான் மூச்சு வாங்குதே... நானே இடிச்சு, மடிச்சு, வாயில வைப்பேன். நாளைக்கு ஆறு! ஒரு நாள் தவறினதில்ல!"

பெருமையோடு சொன்னார்.

குகன் தொப்பியைக் கழற்றினான்.

"அங்கிள்... சிகரெட்டுக்குள்ள இருக்கிறதும் அதே புகையிலைதான்."

குகன் சுபத்ராவைப் போனில் பிடித்தான். ஸ்பீக்கரில் போட்டு, வெத்தலை விஷயத்தைச் சொன்னான்.

"ஐயோ! மூணு தடவை கேட்டேனேங்க!"

"சிகரெட்டான்னுதானே கேட்ட?" அமிர்தலிங்கம் பாய்ந்தார். "வெத்தலையான்னு கேட்டியா?"

"வாய் சிவப்பா இல்லையே!"

"பெரிய டாக்டரைப் பாக்கப் போறப்ப பல்லு விளக்கிட்டுப் போறதுதானே மரியாதை?"

சுபத்ரா பெருமூச்சு விட்டாள். "இன்னிக்கே நிறுத்துங்க. பத்து நாள்ல ரத்தம் சுத்தமாயிடும். அப்புறம் மாசா மாசம் பாப்போம். சுத்தமாவே இருந்தா பேரு திரும்ப லிஸ்ட்ல ஏறும்."

குகன் ரிப்போர்ட்டை விரித்தான். "காளிமுத்து பேரை அடிச்சிட்டு, உங்க பேரை எழுதவா?"

"எழுதுங்க சார்!" என்றான் காளிமுத்து. "தகப்பன் பேரு வேணும்னா நான் சொல்றேன்!"

மூலையிலிருந்து மணியம்மாவின் குரல் வந்தது. துண்டு துண்டாய்.

"எனக்கு... உசுரு வேணும்... அந்த வெத்தலை டப்பாவ... வெளிய கொண்டு போ... நீயும்... கூடப் போ!"

அமிர்தலிங்கம் டப்பாவைத் தூக்கினார். இந்த வீட்டில் அவள் சொன்னால் சொன்னதுதான். ஆனால் நம்புவது வேறு.

"பத்த வைக்காத புகையிலை எந்த வழியா ரத்தத்துக்குப் போகும்? எல்லாம் படிச்சவனுங்க விடற கதை!" முணுமுணுத்தபடி வாசலைத் தாண்டினார். நின்றார். "காளிமுத்து, லைட்டர் குடு."

"எதுக்குண்ணே?"

லைட்டரைப் பிடுங்கிக்கொண்டு தேயிலைச் சரிவில் இறங்கி நடந்தார். பாதி தூரத்திலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"கொளுத்திப் பாக்கறேன்! புகை வந்தாத்தான் நம்புவேன்... வரலைன்னா, கீரைதான்!"