பின்சீட்டுக்காரர்

ரவூப்பின் மோட்டார் சைக்கிள் கடை சிராங்கூன் ரோட்டில், பூக்கடைகள் முடிகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி இருந்தது. 1966-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு நான் அங்கே போய் இறங்கினேன். மழை எந்த நேரமும் கொட்டலாம் என்பதுபோல வானம் கறுத்திருந்தது. எதிர்த் துணிக்கடையில் பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள்.

நான் மோட்டார் வாங்க நினைத்தது ஆசைப்பட்டு அல்ல. எனக்கு வேலை பூன் லே பக்கம் ஒரு தகரத் தொழிற்சாலையில். வீடு குவீன்ஸ்டவுனில். நடுவில் இரண்டு பஸ். இரண்டு வருஷத்துக்கு முன்பு லீலாவுக்கு வலி எடுத்தபோது, சேதி கிடைத்து, பஸ்ஸுக்கு நின்று, நான் வீடு போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. அவள் தனியாகக் கிடந்தாள். பிறந்த குழந்தை அழவே இல்லை. அதற்காக அவள் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

இப்போது அவளுக்கு மறுபடியும் எட்டு மாதம். இந்த முறை நான் நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும்.

"புதுசு கப்பல்ல வரணும்லா. ஆறு வாரம் ஆகும்," என்றார் ரவூப். "ஆனா இது நிக்குது, பாருங்க. டிரையல் வண்டி. வாங்க வர்றவங்க ஓட்டிப் பார்க்கிறதுக்குன்னு வெச்சிருந்தோம். ஓட்டம் கம்மிதான். விலையைக் குறைச்சுத் தர்றேன், இன்னிக்கே எடுத்துட்டுப் போங்க."

சிவப்பு வண்டி. ஒரு கீறல்கூட இல்லை. ஆறு வாரம் குழந்தை காத்திருக்காது என்று எனக்குத் தெரியும். பெரிய இங்கிலீஷ் வண்டிகள் என் சம்பளத்துக்கு எட்டாது. அப்படியிருந்தும், எத்தனை பேர் அடித்து ஓட்டியதோ என்று மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது.

"ஓட்டிப் பாருங்க. கால்வாய் ஓரமா புக்கிட் தீமா ரோட்ல போயிட்டுத் திரும்பிடுங்க." சாவியைக் கையில் கொடுத்தார். உள்ளே டெலிபோன் அடிக்கவும் போய்விட்டார்.

ஒரே உதையில் வண்டி கிளம்பியது. கியர் போடும்போது பின்பக்கம் லேசாக அமுங்கியது. யாரோ ஏறி உட்கார்ந்தார்கள். வண்டியோடு நான் கம்பி நீட்டிவிடாமல் இருக்கக் கடை ஆளை அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

"மெதுவா எடுங்கண்ணே. கிளட்சு கொஞ்சம் இறுக்கம்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

தணிந்த, மரியாதையான குரல். முகப்பவுடர் வாசனை வந்தது. அதற்கு அடியில் ஈரத் துணியை மூடி வைத்த வாடையும் இருந்தது. மழை நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

கால்வாய் ஓரம் போனோம். கண்டாங் கெர்பாவ் பிரசவ ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது என் கண் தானாக அந்தப் பக்கம் போனது.

"வீட்ல முழுகாம இருக்காங்களா?"

"எப்படித் தெரியும்?"

"அந்தக் கட்டடத்தை இப்படிப் பார்க்கிறவங்க எல்லாம் ஒண்ணு அப்பா, இல்ல அப்பாவாகப் போறவங்க. நான் இந்த ரோட்ல எத்தனை பேரோட பின்னால உட்கார்ந்து வந்திருக்கேன்."

பேச்சு எனக்குப் பிடித்துவிட்டது. யாரோடும் ஐந்து நிமிஷம் பேசினால் போதும், வீட்டுக்கு வாங்க என்று சொல்லிவிடுவேன். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. வாய்தான் சொல்லும், கேட்டவர்களும் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். பேர் கேட்டேன். சுந்தரம் என்றார்.

"என் பேர் அழகப்பன். குவீன்ஸ்டவுன்ல மூணாவது மாடி, படிக்கட்டு ஓரத்து வீடு. ஒருநாள் கட்டாயம் வீட்டுக்கு வாங்க, சுந்தரம்."



"எல்லாரும் வண்டியைப் பத்தித்தான் கேப்பாங்க. யாரும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை," என்றார். "கூப்பிட்டா நான் வருவேன் அண்ணே."

மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, முன்னால் போகும் லாரி தெரியாத மழை. வண்டியைத் திருப்பினேன். அவர் என் காதருகே குனிந்து பேசினார். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன்.

அவர் மூச்சு என் மேல் படவில்லை.

"இந்த வளைவுல மெதுவா," என்றார்.

மெதுவாகப் போனேன்.

"இன்னும் மெதுவா. அன்னிக்கும் சொன்னேன். அந்த ஆள் கேக்கல."

வேகத்தை இன்னும் குறைத்தேன்.   மிச்ச வழியெல்லாம் அந்தக் கனம் பின்னால் இருந்துகொண்டே இருந்தது.

கடை வாசலில் நிறுத்தினேன். பின்பக்கம் எழும்பியது.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

ரவூப் துண்டோடு ஓடிவந்தார். "முழுசா நனைஞ்சுட்டீங்களே."

"உங்க ஆள் சுந்தரம் எங்கே? இப்பதானே இறங்கினாரு."

ரவூப்பின் கை அப்படியே நின்றது. கடைக்குள் இருந்த மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான்.

"முதலாளி, நான் எங்க ஆள் யாரையும் அனுப்பவே இல்லை," என்றார் ரவூப், மெல்ல. "நீங்க தனியாத்தான் போனீங்க, தனியாத்தான் வந்தீங்க."

துண்டை வாங்கி நானே துடைக்கப் போனேன். சட்டையின் முன்பக்கம் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். முதுகுப் பக்கம் ஒரு பொட்டு நனையவில்லை.

அதை ரவூப்பும் பார்த்தார். பிறகு மறைக்கவில்லை. சுந்தரம் அந்தக் கடையில் வண்டி காட்டும் வேலை பார்த்தவர். வாங்க வருகிறவர் ஓட்டுவார், இவர் பின்னால் உட்கார்ந்து வழி சொல்வார். பிப்ரவரியில் ஒருவர் அந்த வளைவில் வேகமாகத் திருப்பினார். "ஓட்டினவருக்கு ஒண்ணும் ஆகல, வண்டிக்கும் ஒண்ணும் ஆகல," என்றார் ரவூப். "பின்னால இருந்த சுந்தரம் கால்வாயில விழுந்து போய்ச் சேர்ந்துட்டாரு. வண்டி நல்ல வண்டி. அதை மட்டும் நான் சத்தியமாச் சொல்வேன்."

அந்தச் சீட்டில் லீலாவை உட்கார வைப்பதை நினைத்துப் பார்த்தேன். சாவியை ரவூப்பிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அப்போதும் என் வாயில் வேண்டாம் என்ற சொல் வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்லா," என்றேன். புதிய வண்டிக்குப் பேர் எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

லீலாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. டிரையல் வண்டி சரியில்லை, எஞ்சின் தேய்ந்திருக்கிறது என்றேன்.

"ஆறு வாரமா?" என்றாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். "சரி, உங்களுக்குத் தெரியும்."

அடுத்த வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் கீழே ஒரு மோட்டார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. எஞ்சின் அணையவில்லை. லீலா நடைபாதைக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரோ நம்ம வீட்டையே பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். கீழே சைக்கிள்களும் காய்கிற துணிகளும்தான் இருந்தன. எஞ்சின் சத்தம் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது. அன்று முதல் கதவை நானே தாழ்ப்பாள் போட்டேன். பகலில் நான் வேலைக்குப் போய்விடுவேன் என்பதை மறந்து, ஏதோ பெரிய காவல் காத்ததாக நினைத்துக்கொண்டேன். முட்டாள்.

மூன்றாவது வாரம், புதன்கிழமை. ஒரு மணிக்கு ஆபீஸ் கிளார்க் வந்து, வீட்டிலிருந்து போன் என்றார். பக்கத்து வீட்டு ரபியா மளிகைக் கடையிலிருந்து பேசியிருக்கிறாள். லீலாவுக்கு வலி. டாக்சி கிடைக்கவில்லை. உடனே வரச் சொல்.

தொழிற்சாலைக்கு வெளியே ஜூரோங் ரோட்டில் வந்து நின்றேன். செம்மண் லாரிகள்தான் போயின. எந்த லாரியும் நிற்கவில்லை. பஸ் வரவில்லை. அந்தச் சிவப்பு வண்டியை எடுத்திருந்தால் இருபது நிமிஷம். பேய்க்குப் பயந்து இரண்டாவது குழந்தையையும் கொல்லப் போகிறேன் என்று ரோட்டோரத்தில் நின்று வாய்விட்டு அழுதேன். கடைசியில் லைசென்ஸ் இல்லாத ஒரு திருட்டு டாக்சி ஏற்றிக்கொண்டது. குவீன்ஸ்டவுன் படிகளில் ஏறும்போது மணி நாலு.

வீடு பூட்டியிருந்தது.

ரபியா சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள். "நீங்க ஏன் பதறிக்கிட்டு வர்றீங்க? அதான் ஆள் அனுப்பிட்டீங்களே."

"யாரை?"

"உங்க சிநேகிதரை. நான் போன் பண்ணிட்டு மேல வர்றேன், வாசல்ல நிக்கிறாரு. மோட்டார்ல இந்த மாதிரி நேரத்துல எப்படின்னு நான் வேணாம்னுதான் சொன்னேன். மெதுவாப் போறேன், பயப்படாதீங்கன்னாரு. அண்ணன்தான் வீட்டுக்கு வரச் சொன்னாருன்னாரு."

"வண்டி என்ன நிறம்?"

"சிவப்பு."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எப்படி இறங்கினேன், கீழே காத்திருந்த டாக்சியில் எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. வழி முழுக்கக் கால்வாயையே பார்த்துக்கொண்டு போனேன். அந்த வளைவில் கூட்டம் இருக்கும், ரோட்டில் புடவை கிடக்கும் என்று நினைத்தேன்.

ஒன்றும் இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி பேரைக் கேட்டுவிட்டு வார்டைக் காட்டினாள். கடைசிக் கட்டிலில் லீலா இருந்தாள். உயிரோடு. பக்கத்தில் ஒரு துணிச் சுருள் கையை ஆட்டி அழுதுகொண்டிருந்தது. அந்த அழுகையைப் போல ஒரு சங்கீதத்தை நான் கேட்டதில்லை.  கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பொண்ணு," என்றாள். "கொடி கழுத்துல சுத்தியிருந்துச்சாம். இன்னும் அரை மணி ஆகியிருந்தா பிழைச்சிருக்காதுன்னு சொன்னாங்க. நல்லவேளை, அவரை அனுப்பினீங்க."

நான் அனுப்பவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு வருஷமாக என்னைப் பார்க்காத கண்ணால் என்னைப் பார்த்தாள். சொல்லாமல் விழுங்கிவிட்டேன். நான் வந்து சேரவேண்டிய நேரத்துக்கு இன்னொருவர் வந்து சேர்ந்திருக்கிறார். அதற்கு நன்றி சொல்வதா, நடுங்குவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"ரொம்பக் கூச்சப்பட்ட மனுஷன்," என்றாள். "உள்ளே வரமாட்டேன்னு வாசல்லயே நின்னுட்டாரு. கை மட்டும் ஐஸ் மாதிரி இருந்துச்சு. நான்தான் சொன்னேன், இனிமே எங்க வீடு உங்க வீடு, எப்ப வேணும்னாலும் வாங்க, எங்களோடயே இருங்கன்னு."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

 அவள் பார்வை என்னைவிட்டு விலகி, என் தோளுக்கு மேலே போனது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். அந்நிய ஆண் எதிரில் செய்வதுபோல.

முகப்பவுடர் வாசனை வந்தது.

குழந்தை அழுகையை நிறுத்தியது.

"உட்காருங்க," என்றாள் லீலா, சிரித்துக்கொண்டே. "எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே இருப்பீங்க?"

நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.