ஜெயித்த கரி

“என் கரியை யாரோ கெடுத்துட்டாங்க சார்” என்றாள் ஆராய்ச்சிக்காரப் பெண், துப்பறிவாளர் உட்காரும் முன்பே.

நிலக்கரியைச் சுடும்போது மிஞ்சும் தாரை மறுபடி உலையில் வேகவைத்து, மின்சாரம் சேமிக்கும் பேட்டரிக்கான கரியாக மாற்றுவது அவள் வேலை. முதல் தடவை அருமையாக வந்தது. நேற்று முதலாளி கண்முன்னே அவளே தாரை நிரப்பி, அவளே உலையைப் பூட்டினாள். திறந்தால் பொங்கிப்போன வெறும் சக்கை. சாயங்காலத்துக்குள் காரணம் சொல்லாவிட்டால் ஆய்வுக்கூடத்துக்கு மூடுவிழாதான்.

“கள்ளச்சாவி மாமா!” என்று துள்ளினான் துப்பறிவாளரின் மைத்துனன். எதையும் கண்ணால் பார்க்குமுன் குற்றவாளியைப் பிடித்துவிட வேண்டும் அவனுக்கு.

துப்பறிவாளர் அவனைக் கண்டுகொள்ளவில்லை. “முதல் தடவை நிரப்பினது யாரும்மா?”

“உலையைப் பார்த்துக்கற என் தம்பி. எனக்கு அன்னிக்குக் காய்ச்சல்.”

தம்பி கதவோரம் தலைகுனிந்து நின்றான். அலமாரியில் வெள்ளை வெளேரென்று ஒரு பீங்கான் படகு, தாரை உலைக்குள் வைக்கும் நீளத் தட்டு, இருந்தது. முதல் கரி வெந்த படகு. ராசியானது என்று இன்றுவரை யாரையும் கழுவ விட்டதில்லை என்றாள். நேற்றைய படகிலோ விளிம்பெல்லாம் தார் வழிந்து தீய்ந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார் துப்பறிவாளர்.

“நேத்து யாரும் எதையும் கெடுக்கலைம்மா. தார் சூட்டுல உருகும், பொங்கும், ஒட்டும். ராசிப் படகைக் கழுவவே இல்லைங்கறீங்க, ஆனா பொட்டுக் கறை இல்லை. இதுல தாரே போகலை. ஏற்கெனவே கரியா இருந்த தூள்தான் போயிருக்கு.”

அவள் ஆடிப்போனாள். தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

“கடையில வாங்கின கரி அக்கா. அந்த வாரமே நம்ம கூடத்தை மூடறதா இருந்தாங்க. நீ சோறு தண்ணி இல்லாம கிடந்தே. கொஞ்சம் டைம் கிடைச்சா நீ நிஜமாவே கண்டுபிடிச்சிடுவேன்னு நம்பினேன்.”

அவளுக்குக் கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை.

“அப்போ ஒரு தடவைகூட வரலையா சார்?”

“வரலைம்மா.”

வெளியே காலடிச் சத்தம்.

“உனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. பேசாம இரு” என்றாள் தம்பியிடம், தாழ்ந்த குரலில்.

“யார்னு தெரிஞ்சுதா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார் முதலாளி.

“தெரிஞ்சுது சார்” என்று எழுந்தாள். “நான்தான். முதல்ல காட்டினதே பொய்க்கரி.”